உயிர் எலியா, உறைந்த எலியா? கடிபட்ட பால் பைத்தான் இப்போது எதையும் தொட மாட்டேன் என்கிறது

திருப்பூர் பனியன்காரன்

வணக்கங்க. என்னிடம் ஒரு பால் பைத்தான் (ball python, சின்ன வகை மலைப்பாம்பு) இருக்கிறது. ஆண், பதினாலு மாதம், போன வாரம் எடை போட்டபோது 610 கிராம். முறையான காகிதத்தோடு வாங்கியது, வெளிநாட்டுப் பிராணிகளைப் பதிவு செய்கிற அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவும் செய்தாயிற்று. என் கேள்வி சாப்பாட்டைப் பற்றித்தான்.

குட்டியாக வந்ததிலிருந்து உயிர் எலிதான் போட்டுக்கொண்டிருந்தேன். வாங்கிய இடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், எலியை டப்பாவில் விட்டுட்டுப் போயிடுங்க, பசிச்சா அதுவே எடுத்துக்கும் என்று. இத்தனை மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம். இரவு பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்து, நன்றாக வளர்ந்த வெள்ளை எலி ஒன்றை உள்ளே விட்டு, பத்து நிமிடம் பார்த்தேன், பாம்பு ஒளிந்துகொள்ள வைத்த சட்டிக்குள்ளிருந்து தலையைக்கூட நீட்டவில்லை, சரி காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். ஆறு மணிக்கு விளக்கைப் போட்டால் எலி பாம்பின் மேலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. பாம்பு தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டு கிடக்கிறது. முதுகில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் செதிலே இல்லை, ரோஸ் நிறத்தில் சதை தெரிந்தது, அதன் ஓரத்தில் பல் பதிந்த கோடுகள் இரண்டிரண்டாக. வால் பக்கம் இன்னும் இரண்டு இடம். ஆறரை மணி நேரம் அது அப்படியே கிடந்து கடி வாங்கியிருக்கிறது. அன்றைக்கு வேலைக்குப் போக மனசு வரவில்லை.

டாக்டர் கழுவி மருந்து போட்டு, தேங்காய் நாரை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் விரிக்கச் சொன்னார். தினமும் சுத்தம் செய்கிறேன், பக்கு கட்டி ஆறி வருகிறது.

இனிமேல் உயிர் எலி வேண்டாம் என்று உறைய வைத்த எலி வாங்கினேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வைத்து, குளிர் போனதும் தட்டில் வைத்தேன். மூன்று தடவை வைத்தாயிற்று, மூன்று தடவையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. கடைசியாகச் சாப்பிட்டு ஐந்து வாரம் ஆகிறது.

கூட வேலை செய்கிறவர்கள், செத்ததைத் தின்னுகிற பிராணியா அது, தோட்டத்தில் சாரைப்பாம்பு உயிரோடுதானே பிடிக்கிறது, வேட்டையாட விடாவிட்டால் அதற்குப் பசியே எடுக்காது என்கிறார்கள். காங்கயம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிற நண்பன் பொறியில் விழுகிற எலியைச் சும்மாவே தருகிறேன் என்கிறான். உயிர் எலிக்கே திரும்பிவிடலாமா? அல்லது வெள்ளை எலியை வாங்கி நானே ஃப்ரீசரில் போட்டுவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

---

வடவள்ளி வாசி

தம்பி, ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன், இப்போது வீட்டில் நான்கு. உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு என் முதல் பாம்பு ஞாபகம் வந்தது. அதற்குக் கண்ணுக்குக் கீழே இன்னும் தழும்பு இருக்கிறது, அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அதனால் நேராகச் சொல்கிறேன், திரும்பிப் போகாதீர்கள்.

அது திருப்பிக் கடிக்காததில் ஆச்சரியம் இல்லை. பால் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு, கானா, டோகோ, பெனின் பக்கம். பயந்தால் சண்டைக்கு வராது, தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், ball என்ற பெயரே அதனால் வந்ததுதான். பசியில்லாத நேரத்தில் ஒரு எலி மேலே ஏறினால் அதற்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். எலியையும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் இல்லை, தீனி இல்லை, ஓட இடம் இல்லை, பல்லுக்கு எது கிடைக்கிறதோ அதைக் கொறிக்கிறது.

தோட்டத்துச் சாரையைச் சொல்கிறார்கள் பாருங்க, அதே சாரையை வைத்தே பதில் சொல்லலாம். அங்கே எலிக்கு ஓட வளை இருக்கிறது, சாரைக்கு வேண்டாம் என்றால் விலகிப் போக வரப்பு இருக்கிறது. உங்கள் டப்பாவில் இரண்டுக்குமே போக்கிடம் இல்லை. வேட்டையாடுகிற பாம்புகூடக் கடி வாங்காமல் இருப்பதில்லை. மலைப்பாம்பு இறுக்கும்போது எலியின் இரத்த ஓட்டம் நின்றுதான் அது சாகிறது, ஆனால் அதற்குச் சில நொடி ஆகும். பிடி தலைப்பக்கம் விழாமல் இடுப்பில் விழுந்துவிட்டால் அந்த நொடிகளில் எலி திரும்பிக் கண்ணையோ வாயையோ கடித்துவிடும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாலும் அந்த நேரத்தில் நாம் கையை விட முடியாது.

செத்ததைத் தின்னாது என்பதும் சரியில்லை. அதற்கு உயிர் இருக்கிறதா என்று தெரியாது, சூடு இருக்கிறதா என்றுதான் தெரியும். மேல் உதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்க தெரியும். அந்தக் குழிகள்தான் இருட்டில் அதற்குக் கண். நீங்கள் வைத்த எலி அறைச் சூட்டில் இருந்திருக்கிறது, அதாவது அந்தப் பாம்புக்கு அது ஒரு நாற்றமடிக்கிற கல். மேலே மெத்தென்று இருந்தாலும் வயிற்றுக்குள் பனிக்கட்டி இருந்திருக்கும், ஒரு மணி நேரம் போதவே போதாது.

நான் செய்வதைச் சொல்கிறேன். முந்தின நாள் இரவே எலியை ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன். மறுநாள் பொழுது இறங்கினதும் கவரோடு குழாய்த் தண்ணீரில் அரை மணி. பிறகு வெந்நீர், 40 டிகிரி வாக்கில், குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூட்டைவிடத் துளி எச்சாக. பதினைந்து நிமிடம் கழித்து வயிற்றை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பேன், உள்ளே கட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது, தட்டுப்பட்டால் வெந்நீரை மாற்றி இன்னொரு பத்து நிமிடம். கடைசியாகத் தலையை மட்டும் ஒரு நிமிடம் நல்ல சூட்டில் முக்கி எடுத்து, ஈரத்தைத் துண்டால் ஒற்றிவிடுவேன். உடம்பைவிடத் தலை சூடாக இருந்தால் பாம்பு தலையைத்தான் குறி வைக்கும், விழுங்குவதும் சுலபம். மைக்ரோவேவில் மட்டும் வைத்துவிடாதீர்கள். வயிறு வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் உறைந்திருக்கும், வாய் வெந்துபோகும்.

விளக்கை அணைத்துவிட்டு, ஒரு அடி நீள இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, சட்டி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, நடந்து போகிற மாதிரி மெதுவாக நகர்த்துங்க. மூக்கில் இடிக்காதீர்கள், கடிபட்ட பாம்பு, எலி முகத்துக்கு நேராக வந்தால் பயந்துவிடும். நாக்கு வேகமாக வந்து போகும், கழுத்து எஸ் மாதிரி மடியும், அப்போது கையை ஆட்டாமல் நில்லுங்க. இரண்டு மூன்று நிமிடத்தில் எடுக்காவிட்டால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடலாம், செத்த எலி யாரையும் கடிக்காது. காலையில் மீதம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்க, மறுபடி ஃப்ரீசருக்குக் கொண்டுபோகக் கூடாது.

அப்புறம் டப்பாவின் சூடு எவ்வளவு என்று நீங்கள் சொல்லவே இல்லை. இது மார்கழி. நம் பக்கம் இராத்திரி 18, 19 டிகிரிக்கு இறங்குகிறது. சூட்டுப் பக்கம் 31, 32, குளிர்ந்த பக்கம் 25, 26 இல்லாமல் எந்த எலியைக் காட்டினாலும் அது வாயைத் திறக்காது. உடம்பு குளிர்ந்திருந்தால் செரிக்காது என்று அதற்கே தெரியும்.

---

ஆனைமலைத் தோப்பு

கண்ணு, நான் பாம்பு வளர்க்கிறவன் இல்லை, தென்னை வைத்திருக்கிறேன். அரிசி ஆலை எலி என்று எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதை மட்டும் செய்யாதே சாமி.

எங்கள் பக்கம் எலி மரத்தில் ஏறிக் குரும்பையைக் கடித்துத் தள்ளும். அதற்காகக் கொண்டையில் புரோமாடியோலோன் என்கிற எலி மருந்துக் கட்டியை வைப்பார்கள், நானும் வைத்திருக்கிறேன். அது தின்ற உடனே கொல்கிற மருந்து இல்லை. இரத்தம் உறையாமல் செய்து நாலைந்து நாள் கழித்துத்தான் சாகடிக்கும். அந்த நாலைந்து நாளும் எலி நடமாடிக்கொண்டே இருக்கும், சாகப் போகிறதற்கு முன் தடுமாறி வேகம் குறைந்து போகும், பொறியில் விழுவதும் பிறவற்றின் வாயில் விழுவதும் அந்த மாதிரி எலிதான். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

நாலு வருடம் முன்னால் எங்கள் பழைய சாளையின் பரணில் ஒரு ஜோடிக் கூகை இருந்தது, வெள்ளை மூஞ்சி. பொழுது சாய்ந்தால் இரண்டும் தோப்புக்குள் இறங்கும். நான் மருந்து வைத்த பத்தாம் நாள் ஒன்று கிணற்று மேட்டில் கிடந்தது. மேலே ஒரு காயமும் இல்லை, அலகு ஓரத்தில் மட்டும் இரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. கையில் எடுத்தால் ஒரு பிடி பஞ்சு மாதிரி எடையே இல்லை. எலியைத் தின்றுதான் செத்தது என்று நான் அறுத்துப் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. அதற்கப்புறம் மரத்துக்குத் தகரம்தான் சுற்றுகிறேன், கட்டி வைப்பதில்லை.

அரிசி ஆலையில், குடோனில், எங்கே எவன் என்ன மருந்து வைத்திருக்கிறான் என்று உன் நண்பனுக்கே தெரியாது. பக்கத்து ஆலையில் தின்றுவிட்டு இங்கே வந்து விழலாம். அதோடு ஊர் எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது உனக்கு வரலாம், உன் வீட்டில் இருப்பவர்களுக்கும் வரலாம். சும்மா கிடைக்கிறதென்று வாங்காதே.

---

பெருந்துறை மல்லி

வடவள்ளி அண்ணா சொன்னதில் தொண்ணூறு பங்கு ஒத்துக்கொள்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். உயிர் இரை என்றாலே பாவம், என்றைக்குமே கூடாது என்று சொல்லிவிட முடியாதுங்க. என் பெண் பாம்பு முட்டையிலிருந்து வந்து இரண்டு மாதம் எதையும் தொடவில்லை. எடை குறைந்துகொண்டே போனது, முதுகெலும்பு கூரை முகடு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. சூடு, ஈரம், இருட்டு எல்லாம் சரியாக இருந்தும் எடுக்கவில்லை. கடைசியில் இன்னும் கண் திறக்காத, மெல்லிசாக ரோமம் முளைத்த எலிக்குட்டியை உயிரோடு வைத்தேன், அன்றைக்கே எடுத்தது. அந்த வயதுக் குட்டியால் பாம்பைக் கடித்துக் காயப்படுத்த முடியாது. மூன்று தடவை அப்படி. நான்காவது தடவை அப்போதுதான் உயிர் போன, சூடு ஆறாத குட்டி. ஆறாவது தடவை உறைய வைத்துச் சூடாக்கியது. இப்போது மூன்று வயது, இடுக்கியைப் பார்த்தாலே வெளியே வருகிறது. ஒரு பாம்பு பட்டினியில் சாகிற நிலைக்கு வந்தால் நான் மறுபடியும் அதைத்தான் செய்வேன், ஆனால் பல் வளர்ந்த எலியை ஒரு நாளும் உயிரோடு உள்ளே விட மாட்டேன். 610 கிராம் பாம்பு ஐந்து வாரம் சாப்பிடாமல் இருப்பது அந்த நிலை இல்லை தம்பி, பயப்படாதீங்க. பால் பைத்தான், அதிலும் ஆண், குளிர் மாதத்தில் மாதக்கணக்காக வாயைக் கட்டிக்கொள்வது சகஜம்.

வெள்ளை எலியை நானே ஃப்ரீசரில் போடலாமா என்று கேட்டீர்கள். உயிரோடு போடாதீர்கள், தயவுசெய்து. அது மெதுவாக, விறைத்து விறைத்துச் சாகும். உங்கள் பாம்பு பட்ட வலிக்காக உயிர் எலியை நிறுத்துகிறீர்கள், எலிக்கும் அந்த வலி உண்டு. முறையாகச் செய்பவர்கள் கரியமில வாயுவை மெதுவாக ஏற்றி மயங்க வைத்துச் செய்கிறார்கள், அதிலும் பிறந்த குட்டிகளுக்கு அந்த வாயு சீக்கிரம் வேலை செய்யாது, வெகுநேரம் வைக்க வேண்டும், தெரியாமல் செய்தால் பாதி உயிரோடு எடுத்துவிடுவோம். நான் இதை வீட்டில் செய்வதில்லை, தெரிந்தவர்களிடம் உறைய வைத்ததாகவே வாங்கிவிடுகிறேன். எங்கே வாங்குகிறீர்களோ அங்கே எப்படிச் சாகடிக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆள் பாருங்க.

ஃப்ரீசர் விஷயம். எங்கள் வீட்டில் மாமியார் அசைவமே தொட மாட்டார், ஒரே ஃப்ரிட்ஜில் எலியை வைப்பதை நினைக்கவே முடியாது, அவர் சொல்வதும் நியாயம்தான். பழைய சின்னப் பெட்டி ஃப்ரீசர் ஒன்று வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தேன், பாம்புக்கு மட்டும். மாதாமாதம் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்கு மூடியைத் திறக்கவே கூடாது. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கிவிட்டால் நாள் முழுக்கக் குளிர் நிற்கும். எலி இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் எறிந்துவிடுங்க. நான் ஆறு மாதத்துக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை, கவரில் தேதி எழுதிவிடுவேன்.

---

நாமக்கல் மாணவி

கால்நடை மருத்துவம் படிக்கிறேன், நேரில் பார்க்காமல் காயத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது, அதனால் பொதுவாகச் சில விஷயம் மட்டும். காயத்தைச் சுற்றிச் செதில் வீங்கினாலோ, சீழ் கட்டி கெட்டித் தயிர் மாதிரி திரண்டாலோ, பாம்பு வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ காத்திருக்காதீர்கள், அதே டாக்டரிடம் போய்விடுங்க. பக்கு கட்டிய இடத்தில் அடுத்த தோல் ஒழுங்காக உரியாமல் ஒட்டிக்கொள்ளலாம், பிய்த்து எடுக்கக் கூடாது. தோல் உரிக்கப் போகிற நேரத்தில் கண் பால் பூத்த மாதிரி மங்கும், அந்த வாரம் இரையே காட்ட வேண்டாம், அது சரியாகப் பார்க்காது, எரிச்சலில் இருக்கும்.

மூன்று தடவை வைத்தேன் என்கிறீர்கள், எத்தனை நாள் இடைவெளியில்? இரண்டு நாளைக்கு ஒரு தரம் காட்டினால் அதுவே ஒரு தொல்லையாகிவிடும். பத்துப் பதினாலு நாளுக்கு ஒரு தடவை போதும். நடுவில் கையில் எடுக்காதீர்கள், சுத்தம் செய்ய மட்டும் தொடுங்க. வாரம் ஒரு முறை ஒரே நாளில் எடை போட்டு எழுதி வையுங்க. 610-லிருந்து 550-க்குக் கீழே இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

இரை எடுத்தபின் 48 மணி நேரம் தொடாதீர்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் வயிற்றுக்கு ஓய்வு, பிறகு பாதி அளவு. இரையின் பருமன் பாம்பின் நடு உடம்புப் பருமனைத் தாண்ட வேண்டாம்.

இன்னொன்று. உறைய வைத்தால் ஒட்டுண்ணிகளில் பல செத்துவிடும், ஆனால் சால்மோனெல்லா கிருமி சாகாது. இளக்குகிற பாத்திரம், இடுக்கி எல்லாம் சமையலறைக்குள் வரவே கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இரட்டை கவனம்.

---

திருப்பூர் பனியன்காரன்

எல்லோருக்கும் நன்றிங்க. பதில் போடப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது, ஏதாவது நடந்தபிறகே எழுதலாம் என்று இருந்தேன்.

முதலில் ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி டப்பாவுக்குள் வைத்தேன். இராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் சூட்டுப் பக்கமே 26-தான் காட்டியது, குளிர்ந்த பக்கம் 21. டப்பாவுக்குச் சூடு கொடுக்கிற ஹீட் மேட் தொட்டால் சுடுகிறது என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன். டப்பா சிமெண்ட் தரையில் இருந்தது, கீழே தெர்மாகோல் வைத்து மேசைக்கு மாற்றி, மூன்று பக்கமும் போர்வை சுற்றி, தெர்மோஸ்டாட்டின் உணரியைச் சரியான இடத்தில் ஒட்டினேன், நான்கு நாளில் 31-க்கு வந்து நின்றது. நாமக்கல் தங்கச்சி கேட்டதற்குப் பதில், நான்கு நாளைக்கு ஒரு தடவை காட்டியிருக்கிறேன், தப்புதான். அதற்கப்புறம் இரண்டு வாரம் டப்பாவைத் தண்ணீர் மாற்றவும் காயம் சுத்தம் செய்யவும் மட்டும் திறந்தேன். எடை 596.

நேற்று இரவு வடவள்ளி அண்ணா சொன்னது சொன்னபடி செய்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தபோது முதல் தடவை உள்ளே நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி தட்டுப்பட்டது, அப்போதுதான் முன்னே நான் வைத்த மூன்று எலியும் எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது. மறுபடி வெந்நீர். ஒன்பதே முக்காலுக்கு விளக்கை அணைத்து, ஹாலிலிருந்து கதவு இடுக்கில் வருகிற வெளிச்சத்தில் மட்டும் இடுக்கியை உள்ளே நீட்டினேன். முதலில் அது பின்னால் போனது. எனக்குக் கை நடுங்கியது, எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அப்படியே அசையாமல் பிடித்திருந்தேன், ஒரு நிமிடம் இருக்கும், மூக்கு மட்டும் வாசலுக்கு வந்தது, நாக்கு நாலைந்து தடவை எலியின் தலைக்கு நேராகப் போய்ப் போய் வந்தது, கழுத்து மடிந்தது. பிறகு நான் பார்க்கவில்லை, டப் என்ற சத்தமும் கையில் ஒரு வெடுக்கும்தான். கண் பழகிப் பார்த்தபோது எலியைச் சுற்றி இரண்டு சுருள், தலையைச் சரியாகப் பிடித்திருந்தது. காயம்பட்ட இடம் மேல்பக்கம் இருந்தது, பக்கு விரியவில்லை.

இருபது நிமிடத்தில் வால்நுனி உள்ளே போய்விட்டது. அப்புறம் இரண்டு தடவை வாயை அகலத் திறந்து தாடையைச் சரி செய்துகொண்டு சட்டிக்குள் போய்விட்டது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாங்க, தின்னுடுச்சா என்று ஒரு வார்த்தை கேட்டாங்க, பாம்பு வீட்டுக்கு வந்ததிலிருந்து அதைப் பற்றி அவங்க கேட்ட முதல் கேள்வி அது.

காங்கயம் நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தோப்பு ஐயா எழுதியதை அவனுக்கும் அனுப்பினேன், ஆலைக்குள் என்ன கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவனே இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

மல்லி அக்கா, அந்தச் சின்னப் பெட்டி ஃப்ரீசர் எத்தனை லிட்டர்? எங்கள் வீட்டிலும் படிக்குக் கீழே இரண்டடி இடம் இருக்கிறது.

---

பெருந்துறை மல்லி

நூறு லிட்டருங்க தம்பி. ஒரு பாம்புக்கு அதில் பாதியே போதும். இரண்டடிக்குள் அடங்கும், ஆனால் பின்பக்கம் ஒரு சாண் காற்று போக இடம் விட்டு அளந்துகொள்ளுங்க, சுவரோடு ஒட்டி வைத்தால் சித்திரையில் மோட்டார் சூடேறி நின்றுவிடும்.